கமிஷன் மிச்சம் பிடிக்கப் போய் மைசூரில் மூன்று நாள்

புதன், மாலை ஐந்து மணி. சத்தியமங்கலத்தில் ஏறிய பஸ் மலையைக் கடந்து சாமராஜநகரில் அரை மணி நேரம் நின்று, ஒருவழியாக மைசூர் வந்து சேர்ந்தது. கடைசி அறுபது கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய். கையில் மீதி நாற்பத்தொன்று. இது ஏதோ ஆபத்து என்று நினைக்க வேண்டாம். இடுப்புப் பையில் அமெரிக்க டாலர் பயணக் காசோலைகள் இருந்தன. மலேசியாவில், எங்கள் பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டிச் சேர்த்த வெள்ளியையெல்லாம், அதாவது எங்கள் ரிங்கிட்டையெல்லாம் கொடுத்து வாங்கியவை. ஏழு மாதமாக இந்தியாவில் சுற்றுகிறேன். அதுவரை சோறு போட்டவை அவைதான்.

எல்லாம் இருபது டாலர் தாள்கள். பெரிய தாளாக வாங்கினால் ஒரே நேரத்தில் நிறைய ரூபாய் கைக்கு வரும், திருட்டுப் போகும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவனின் கணக்கு. தாள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கமிஷன் பிடிக்கும் வங்கிகள் உண்டு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நீங்கள் புறப்படுவதாக இருந்தால் நூறு டாலர் தாளாக வாங்குங்கள்.

மண்டி மொஹல்லாவில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். தொண்ணூறு ரூபாய். காலையில் பணம் மாற்றித் தருகிறேன் என்றதற்கு மேனேஜர் தலையாட்டினார். ஆனால் நாளை முதல் தசரா வாடகை, இரட்டிப்பு, அதுவும் முன்பணம் என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னார். எதிரில் செல்லம்மா மெஸ். மலையோரத் தமிழ் ஊரான மார்டள்ளிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமாக இங்கே சோறு போடும் அம்மாள். சாப்பாடு பன்னிரண்டு ரூபாய். பணம் மாற்ற வேண்டும் என்றதும் அவர் சொன்னது இது:

"காலையில மொத வேலையா முடிச்சுப்புடுங். வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் பேங்கு கெடையாது. நாளைக்கும் மத்தியானத்துக்கு மேல அங்க ஆளு இருந்தாலும் ஒண்ணும் நடக்காது."

ஆள் இருந்தால் ஏன் நடக்காது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வியாழன், பத்து மணி. கடைத்தெருவில் இருந்த பெரிய வங்கி. வரிசையில் முக்கால் மணி நேரம். டாலருக்கு முப்பத்துநான்கு ரூபாய் சில்லறை, நியாயமான விலைதான். கமிஷன் தாளுக்கு இருபத்தைந்து. எனக்கு மாற்ற வேண்டியது ஐந்து தாள். நூற்றிருபத்தைந்து ரூபாய்! பத்து வேளைச் சாப்பாடு. பின்னால் நின்றவர், தள்ளி இன்னொரு வங்கியில் எத்தனை தாள் கொடுத்தாலும் மொத்தமாக ஐம்பதுதான் என்றார். எழுபத்தைந்து ரூபாய் மிச்சம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவுக்குக் கொடுத்தால் மிச்சம் பிடித்ததற்கு அர்த்தமில்லை என்று நடந்தேன். வழி கேட்ட மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அந்த வங்கிக்குள் நுழைந்தபோது சாம்பிராணிப் புகை. வாசலில் வாழைக்கன்று. ஊழியர்கள் எல்லோரும் இருந்தார்கள், யாரும் இருக்கையில் இல்லை. நடுவில் ஒரு மேசை. அதன்மேல் சாமுண்டி படம். படத்தின் முன்னால் தட்டச்சு இயந்திரம், கணக்குப் போடும் இயந்திரம், தடித்த பேரேடுகள், பேனாக்கள். ஒரு வெள்ளித் தட்டில் ரப்பர் முத்திரைகள் வரிசையாக. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ.

வெளிநாட்டுப் பணம் பார்ப்பவர் ரங்கசாமி என்றார்கள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என் காசோலைகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"லேட் பண்ணிட்டீங்களே சார். பூஜை ஆயிடுச்சு. சீல் சாமிகிட்ட இருக்கு."

பணம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது. நீங்கள் இருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். அந்த ஒரு முத்திரையை மட்டும் எடுத்து ஐந்து தடவை குத்திவிட்டு மறுபடி வைத்துவிடுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

"வெச்சதை எடுக்கக் கூடாது சார். ஆயுத பூஜை எங்களுக்கு நாளைக்கு இல்லை, இன்னிக்குத்தான். லீவுக்கு முன்னாடி நாள் ஆபீஸ்ல செஞ்சுடுவோம். திங்கக்கிழமைதான் கையில எடுப்போம். வாங்க, மொதல் வேலை உங்களுதுதான்."

ஓய்வெடுப்பதற்கு உரிமை உள்ள ரப்பர் துண்டை அன்றுதான் பார்த்தேன். திங்கட்கிழமை வரை நான் எதைத் தின்பது என்று கேட்டேன். அவர் மேசைக்குப் பின்னால் போய் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பொரி, பொட்டுக்கடலை, இரண்டு தேங்காய்ச் சில்லு.

முதல் வங்கிக்கு ஓடினேன். அரைக் கதவு இறங்கியிருந்தது. உள்ளே மணியோசை. கடைநிலை ஊழியர் கதவுக்கு அடியில் குனிந்து இன்னொரு பொட்டலம் பொரி கொடுத்தார்.

மூன்று மணி. லாட்ஜ் மேனேஜருக்கு நேற்றைய தொண்ணூறு வேண்டும், இன்றைக்கு நூற்றெண்பது முன்பணமும் வேண்டும். இரண்டும் இல்லை. என் முதுகுப் பையைத் தம் அறை மூலையில் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் வெளியே விட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். மைசூரில் அந்த வாரம் அறை கேட்டு ஆட்கள் படிக்கட்டில் நின்றார்கள்.

செல்லம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பரிதாபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எழுவத்தஞ்சு ரூவாய்க்கா? ஏனுங்க, மலேசியாவுல இருந்து பிளேன்ல வந்தீங்களா, நடந்தே வந்தீங்களா?"

இரண்டு வேளைச் சாப்பாடும் டீயும் போக, நாற்பத்தொன்றில் பத்து ரூபாய்கூட மீதியில்லை. கடனாகச் சாப்பாடு கேட்டேன். கடன் கிடையாது, வேலை உண்டு என்றார். நாளை பூஜைக்கு மெஸ் முழுக்கக் கழுவியாக வேண்டும். அண்டா ஆறு, இட்லிக் கொப்பரை இரண்டு, கரிப்பிடித்த வாணலிகள். விளக்கிக் கொடுத்தால் சோறு போடுவாராம், திங்கள் வரை பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம். லாரிச் சக்கரம் கழற்றிய கைக்கு அண்டா பெரிதில்லை. புளியும் சாம்பலும் கொடுத்தார். ஒவ்வொரு அண்டாவையும் வெளிச்சத்துக்குக் காட்டி, அடியில் இன்னும் கறுப்பு இருக்கிறது என்று திருப்பித் தந்தார்.

"வெளிநாட்டுக்காரரு எங்க மெஸ்ல அண்டா வெளக்கறாருன்னு ஊருல சொன்னா எவனும் நம்ப மாட்டான்."

வெள்ளி, காலை. எழுந்து முகம் கழுவி, இலை போடுவார்கள் என்று உட்கார்ந்தேன். நான் விளக்கிய அண்டாக்கள் கோலத்தின் மேல் பளபளவென்று நின்றன. அரிவாள்மனை, கரண்டிகள், அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு. சாப்பாடு எங்கே என்றேன்.

"அடுப்பும் ஆயுதந்தானுங். இன்னிக்குப் பத்த வெக்கறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. வேலை செய்து சம்பாதித்த சோறு, அதுவும் பூஜையில் உட்கார்ந்துவிட்டது. செல்லம்மா ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்து, தெருக்கோடி வரை ஒரு கடை விடாமல் ஏறி இறங்கச் சொன்னார். இன்று எந்தக் கடைக்காரனும் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மாட்டான் என்றார்.

போனேன். இரும்புக் கடையில் தராசுக்கு மாலை. சைக்கிள் கடையில் பம்புக்கு மாலை. லாரி ஆபீஸ் வாசலில் உடைந்த பூசணிக்காயை மிதித்து வழுக்கினேன். என்னை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் பொரி கொடுத்தார்கள். சிலர் வாழைப்பழம், ஓரிடத்தில் லட்டு. மத்தியானத்துக்குள் பை நிறைந்துவிட்டது. பொரி வயிற்றில் நிற்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள மைசூர் வர வேண்டியிருந்தது. சனிக்கிழமை அடுப்பு எரிந்தது, நான் மறுபடி அண்டா விளக்கினேன். யானை ஊர்வலத்தைக் கூட்டத்தின் பின்னாலிருந்து பார்த்தேன். யானையின் முதுகு தெரிந்தது.

திங்கள், பத்து மணி. ரங்கசாமி சொன்ன சொல் தவறவில்லை. வரிசையைத் தாண்டி என்னைக் கூப்பிட்டார். தட்டிலிருந்து முத்திரையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் காசோலையில் குத்தினார். பாதி நீலம், பாதி குங்குமச் சிவப்பு. இந்தச் சிவப்போடு அமெரிக்காவில் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டேன். பூஜைக்குப் பின் முதல் வேலை, தடையில்லாமல் போகும் என்றார். கமிஷன் ஐம்பது பிடித்தார்.

லாட்ஜில் தொண்ணூறைக் கொடுத்தேன். பை வைத்திருந்ததற்கு நாளுக்கு இருபத்தைந்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாளைக்கு எழுபத்தைந்து என்றார் மேனேஜர். பேரம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. மிச்சம் பிடித்தது அப்படியே போயிற்று. பிறகு பையைக் கொண்டுவந்து வைத்தார். அவர் அறையில் இருந்த அலமாரி, நாற்காலி, சாவிப் பலகையோடு சேர்த்து அதற்கும் பூஜை நடந்திருந்தது. முன்புறம் சந்தனம், குங்குமம். வாரில் ஒரு வாடிய செவ்வந்தி.

செல்லம்மா சனி, ஞாயிறு சாப்பாட்டுக்கும் பணம் வாங்க மறுத்தார். அண்டாவுக்குச் சரியாகப் போயிற்று என்றார். அடுத்த தசராவுக்கு வருவதானால் முன்கூட்டியே சொல்லச் சொன்னார், கொப்பரை இன்னும் இரண்டு வாங்கப் போகிறாராம்.

எங்கள் ஊரில் பணம் மாற்றும் கடைக்காரர் தீபாவளியன்றும் பாதிக் கதவு திறந்து வைத்திருப்பார். கமிஷன் கிடையாது, இரண்டே நிமிட வேலை. அவர் கடைக்கு இருபது வருஷமாகப் போகிறேன். மூன்று நாள் கையில் காசில்லாமல் அவர் முன்னால் நின்றால் என்ன கிடைக்கும் என்று பெங்களூர் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனேன். பையிலிருந்த பொட்டைத் துடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் பையைப் பார்த்துவிட்டு, என்ன தொழில் என்று மரியாதையாகக் கேட்டார்.