எந்தக் கங்காணி ஆளு நீ?

தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருந்த சாம்பியன் ரீப்ஸ் லைனில் முதன்முதலாக சைக்கிள் வைத்திருந்த கூலிக்காரர் மரியகுழந்தை. பள்ளிகொண்டாவிலிருந்து சுரங்கத்துக்கு வந்த சூசைமுத்துவின் மூன்றாவது மகன்; பெண் கொடுத்த வகையில் எங்களுக்கு மாமன் முறை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் சக்கரம் கோணிய தம் சைக்கிளைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனார். மரியகுழந்தை அதைத் தட்டி நிமிர்த்தி, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார். பதினைந்து வருஷம் பூமிக்கடியில் கல் குடைந்தவருக்கு ஒரே ஆசை: சுற்றிலும் தண்ணீர் இருக்கிற தீவுகளில், ஏவ ஆளில்லாமல், தனியாகத் திரிய வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு, ஈஸ்டர் முடிந்த வாரம். ஒரு மாத லீவு. தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஏறினார். லைன் முனையில் மேஸ்திரி மறித்தார்.

“இன்னாடா, துரை கணக்கா குந்திகினு எங்க போற?”

“பாம்பனுக்கு மேஸ்திரி. அங்கேர்ந்து தோணியில தீவு தீவா.”

“அங்க யார் இருக்காங்க உனக்கு?”

“ஒருத்தரும் இல்ல. அதான் போறேன்.”

“எறங்கித் தள்ளிகினு போடா!”

இறங்கவில்லை. மணியடித்தபடி மேஸ்திரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினார். “மூக்கை ஒடச்சிகினு வராத, தம்பி!” என்று அக்கா ஐடா வாசலிலிருந்து கத்திச் சிரித்தாள்.

எட்டு நாள் மிதி. கண்ட இடத்தில் தார்ப்பாயைக் கட்டிப் படுக்கை. மண்டபம் கரைக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிக் கூட்டம் வரிசை வரிசையாய் உட்கார்ந்திருந்தது. முன்னால் நின்ற ஆள்கட்டும் கங்காணி, கூலிகளின் தகரச் சீட்டுக்காகக் கையை நீட்டினான். மரியகுழந்தை யோசிக்கவேயில்லை, இடுப்பிலிருந்த பித்தளைப் பில்லையை எடுத்துக் கொடுத்துவிட்டார்!

கைப்பழக்கம். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டில் ஏறுமுன் நம்பர் பொறித்த பில்லையைக் கொடுக்க வேண்டும். மேலே வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். பில்லை இல்லாதவனுக்குக் கூண்டும் இல்லை, வேலையும் இல்லை.

“வரிசையில உக்காரு. எந்தக் கங்காணி ஆளு நீ?”

“ஒருத்தன் ஆளும் இல்ல. தோணி ஏற வந்தேன். பில்லையக் குடு.”

“ஆளில்லாத ஆளு ஏதுடா? பில்லை கொடுத்தேல்ல, இனிமே நீ என் ஆளு.” பில்லையை மடியில் செருகிக்கொண்டான். இரண்டு பேர் வந்து சைக்கிளைப் பிடித்தார்கள்.

“பாம்பன் தோணி கிளம்புது! வாறவுக வாங்க!” என்று தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

உட்கார்ந்து வழக்காடினால் பில்லை கிடைக்கலாம். தோணி போய்விடும். மரியகுழந்தை சைக்கிளை வெடுக்கென்று இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பில்லைய நீயே வெச்சிக்கோ. நம்பர் முந்நூத்திப் பன்னெண்டு போய்த் தேயிலை கிள்ளட்டும். மரியகுழந்தை தீவுக்குப் போறான்!”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணி வாய் திறப்பதற்குள் அவர் முழங்கால் தண்ணீரில் இருந்தார்.

“தனியாவா?” என்றார் தோணிக்காரர்.

“தனியாதான்.”

“இந்த இரும்பு எதுக்கு?”

“அக்கரையில ஏறிக்க.”

தோணி அசைந்தது. சுரங்கத்தில் கூண்டு நகருமுன் மூன்று தரம் மணி அடிப்பார்கள். பதினைந்து வருஷமாக அந்த மணிக்குத்தான் அவர் காத்து நின்றார். இங்கே அடிக்க யாரும் இல்லை. சைக்கிள் மணியைத் தாமே அடித்துக்கொண்டார், கங்காணிக்குக் கேட்கும்படி, மூன்று தரம்.