துண்டு போட்டு இடம் பிடிச்சா சன்னதைப் புடுங்குவாங்களாம்

இந்த ஊர்ல நியாயம் பத்து மணிக்குத்தான் கண்ணு முழிக்குது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துல ஆயுசுல பாதியக் கழிச்சிட்டு, போடியில தனியா வக்கீல் ஆபீசு நடத்துற மக முத்துகூட வந்து குந்துன மொத நாளே இதைப் பாத்துட்டேன். பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குறா, ஃபேனைப் போடுறா, கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போறா. ஆபீசுக்கு ஒரு ஈ காக்கா வரலை. வரவேண்டிய பொம்பளைக எல்லாம் விடியுமுன்ன ஜீப்புல ஏறி, நான் விட்டுட்டு வந்த மலையிலயே போயிக் காய் எடுத்துக்கிட்டு இருக்காளுக. மேல இருக்குற என் சனங்களே, அங்கயிருந்து பாத்தா போடி என்னமா சுறுசுறுப்பாத் தெரியும்! கிட்ட வந்து பாருங்க, கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கு.

ஜீப்பு நிக்கிறது எங்க ஆபீசுக்கு எதுக்கதான். புருசன் மேல கேசு போட்டிருக்குற பாண்டியம்மா ஒருநாள் ஜீப்புல ஏறப்போனவ, தலைத்துண்டை அவுத்து எங்க வாசப்படியில போட்டா, மேல ஒரு கல்லை வச்சா. "ஆத்தா, சாயங்காலம் வக்கீலம்மாவ நான்தான் மொதல்ல பாக்கணும். இது என் இடம்"னுட்டு ஏறிப் போயிட்டா. அம்புட்டுதான். மறுநாள்லருந்து படி பூராத் துண்டு. பொழுதுசாய ஜீப்பு எறங்குனதும் அவவ துண்டை அவவ எடுத்துக்கிட்டு வரிசையா உள்ள வருவாளுக. ஒரு சண்டை கெடையாது, ஒரு தள்ளுமுள்ளு கெடையாது.

எங்களுக்கு இது புதுசா? மலையில லயத்து வரிசை வீடுக அம்புட்டுக்கும் ஒத்தக் குழாய்தான். குடம் நின்னா ஆளு நிக்கிறா. புதுசா வந்த மலையாளத்து ஆபீசர் ஒருத்தரு, ஒரு குடத்துல இடிச்சிட்டு, "எந்தா இது?"ன்னாரு. "மாரியம்மா சார், காலு பட்டுருச்சே"ன்னேன். மாரியம்மா எங்க பக்கத்து வீட்டுக்காரி, களையெடுக்கப் போயிருந்தா. அந்த மனுசன் செருப்பைக் கழட்டிட்டுக் குடத்தைக் கும்பிட்டாரு! தெரியாத ஊர்ல தெரியாத குடத்துக்கும் மரியாதை குடுத்த புண்ணியவான்.

இங்க படிச்ச சனத்துக்கு அந்த மரியாதை இல்லை. பக்கத்துக் கட்டடத்துல ஒரு பெரிய வக்கீலய்யா இருக்காரு. அவரு படியில வெயிலு மட்டுந்தான் குந்தியிருக்கும். அவரு போயி வக்கீல் சங்கத்துல சொல்லிட்டாரு: இந்தப் பொண்ணு வாசல்ல துணியப் பரப்பி, கூட்டம் காட்டி, ஆள் பிடிக்கிதுன்னு. வக்கீலுக விளம்பரம் பண்ணக்கூடாதாம். ரெண்டு பேரு விசாரிக்க வந்தாக. முத்து கோர்ட்டுல இருந்தா. நான்தான் வாசல்ல இருந்தேன்.

"பாட்டி, இது என்ன துணி?"

"துணி இல்லை அப்பு, ஆளுக. இது பாண்டியம்மா. இந்தா, மஞ்சத்துண்டு இருக்குல்ல, அது சரசு. பாத்து நில்லுங்க, மிதிச்சுப்புடாதீக."

"வெளையாடாதீங்க பாட்டி. இது விளம்பரம்."

"அப்ப நியாயதேவதை கண்ணுல கட்டியிருக்குற துணி என்ன சாமி? அதை மொதல்ல அவுத்துட்டு வாங்க. நான் இதை எடுக்குறேன்."

வந்தவுக மூஞ்சி சுண்டிப் போச்சு. மன்னிப்புக் கேட்டு மக எழுதிக் குடுக்கணுமாம். இல்லாட்டி புகாரு சென்னைக்குப் போகுமாம். வக்கீலா நிக்கிறதுக்குக் குடுத்த சன்னதையே புடுங்கிப்புடுவாகளாம். இவுக டீக்கடையில ஜீப்புக்காரன் தோள்ல கையப் போட்டு, "எங்கயாச்சும் ஆக்சிடெண்டு கீக்சிடெண்டு உண்டா மாப்ளே?"ன்னு கேக்கலாம். அது பழக்கவழக்கம். நாளெல்லாம் குனிஞ்சு காய் எடுக்குறவ துண்டைப் போட்டா மட்டும் விளம்பரம்! பொம்பளைப் பிள்ளை, தனி ஆளு, அதுலயும் மலையில இருந்து வந்தவ. தட்டிப்பாக்கத் தோதா இருக்குல்ல?

முத்து சோறே எறங்காம உக்காந்திருந்தா. "ஆத்தா, ஒரு வரி எழுதிக் குடுத்தா சோலி முடிஞ்சது. சன்னது போச்சுன்னா இவளுகளுக்கு யாரு நிப்பா?"

"எழுதிக் குடு. ஆனா துண்டைப் போட்டது தப்புன்னு நீயே சொல்லிப்புட்டா, இவளுக எங்க போயி நிப்பாளுக?"

மறுநாள் இருட்டு பிரியுமுன்ன பாத்தா, முத்து கோட்டை மாட்டிக்கிட்டு ஜீப்புல ஏறுறா. "வெரசா ஏறு ஆத்தா. அவளுக எறங்கி வரமுடியாட்டி நான் ஏறுறேன். பத்து மணிக்குள்ள வேற ஜீப்புல கோர்ட்டுக்கு வந்துருவேன்."

ஒவ்வொரு வளைவுலயும் ஒருத்தி தன் கேசைச் சொன்னா. வளைவுல சாயிறப்ப எல்லாக் கேசும் முத்து மேல விழுந்துச்சு. போடிமெட்டுக்குக் கிட்ட வந்தப்ப போன் அடிச்சுது. சங்கத்து ஆளு.

"என்னம்மா, மன்னிப்புக் கடுதாசி வரலையே? புகாரை அனுப்பிடவா?"

"அனுப்புங்கண்ணே. பதிலு நான் எழுதிக்கிறேன்."

"பின்னாடி என்னம்மா அம்புட்டுச் சத்தம்?"

"என் ஆபீசுண்ணே"ன்னுட்டு வச்சுட்டா. பொம்பளைக கொலவை போட்டதுல டிரைவரு பயந்து பிரேக்கை மிதிச்சுட்டான். கேரளா எல்லைச் செக்போஸ்டுல, கம்பிக்கு அடியில, ஜீப்பு பாதி அங்கிட்டும் பாதி இங்கிட்டுமா நின்னு போச்சு.

"அம்மச்சி, வீடு எவிடெயா?"ன்னு கேட்டான் போலீஸ்காரன். அங்க இருந்தவரைக்கும் நான் பாண்டிக்காரி. போடிக்கு வந்தா மலையாளத்துக்காரி. வீடு எங்கன்னு சொல்ல? மக பக்கம் திரும்புனேன்.

"ஏன்டி, இப்ப எம்மேல ஒரு கேசு வந்தா எந்த ஊரு கோர்ட்டு?"

"முன் சீட்டுன்னா கேரளாக் கோர்ட்டு, பின் சீட்டுன்னா போடிக் கோர்ட்டு ஆத்தா"ன்னு சிரிச்சா. புகாரு வந்த நாள்லருந்து அன்னைக்குத்தான் சிரிச்சா.

நான் உக்காந்திருந்தது நடுச் சீட்டுல.