என் வேனுக்கு அவன் பெயர்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சிட்னியில் நாங்கள் இருக்கும் வென்ட்வேர்த்வில் பக்கத்து நூலகம் ஒன்றில் நடந்தது இது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தற்காலிக விசாவில் இருக்கிறேன். அரசாங்கக் கடிதம் வந்தாலே பிரிக்கப் பயம். அந்த முறை வந்தது, வேகக் கமராவில் என் வேன் அகப்பட்ட கடிதம். அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் லைசன்ஸில் புள்ளி கழிப்பார்கள்; இதையும் சேர்த்தால் என் புள்ளிகள் தீர்ந்து, லைசன்ஸை மூன்று மாதம் நிறுத்திவிடுவார்கள். நானோ ஒரு முதலாளிக்காகக் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவன்.

என் அறைத் தோழன் யோசிக்கவே இல்லை. "என்ரை பேரைப் போடு மச்சான். முருகன் கோயிலுக்குப் போகேக்கை மட்டும்தான் நான் கார் எடுக்கிறனான். புள்ளியெல்லாம் சும்மாதானே கிடக்கு!"

எங்கள் ஆட்களுக்குள் இது சீனி கைமாற்றுக் கேட்பது மாதிரித்தான். வேனை ஓட்டியது அவன் என்று சத்தியக் கடதாசியை நிரப்பிக்கொண்டு, நூலகத்தில் சமாதான நீதவான் இருக்கும் மேசைக்குப் போனேன். அவர் முன்னால்தான் கையெழுத்து வைக்கவேண்டும்; சாட்சிக்கு அவரும் வைப்பார்.

அங்கே இருந்தவர் தமிழ்நாட்டுப் பெண்மணி. "இதுல எழுதியிருக்கறதெல்லாம் உண்மைதானே?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. "பொய்யெண்டா ஃபைன் இன்னும் கூடுமோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "ஃபைன் ஸ்பீடுக்குங்க. பொய்ச் சத்தியம் கிரிமினல் கேஸ். ஜெயில் வரைக்கும் போகலாம்."

"பேர் தந்த ஆளுக்கு?"

"தெரிஞ்சே சம்மதிச்சிருந்தா அவரும் மாட்டலாம். நான் வக்கீல் இல்ல. இலவச சட்ட உதவிக்கு போன் பண்ணுங்க, தமிழ்ல பேச ஆள் தருவாங்க."

திங்கட்கிழமை போன் எடுத்தேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். குற்றப் பதிவு வந்தால் விசாவும் போகக்கூடும் என்றார்கள். கடதாசியைக் கிழித்துப் போட்டேன்.

தோழனிடம் சொன்னபோது அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினான். பிறகு, "ரெண்டு பேரும் ஒண்டாய் உள்ளை போயிருந்தா, அங்கையும் நான்தானே உனக்குச் சமைச்சிருக்கோணும்" என்றான்.

லைசன்ஸ் மூன்று மாதம் போனது. வேலை போகவில்லை. முதலாளி என்னைக் கிடங்கில் பெட்டி அடுக்க விட்டார். அவரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். பயத்தில் அது தோன்றவில்லை.

அந்த அக்கா ஒன்றும் கேட்காமல் பேனாவை நீட்டியிருந்தால், என்னை நம்பித் தன் பெயரைத் தந்தவனை எந்த முகத்தோடு பார்த்திருப்பேன் என்று, எதில் கையெழுத்து வைக்கும்போதும் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.