மதியம் இரண்டு மணி ரோமாபுரி

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வரலாறு நடத்தியிருக்கிறீர்களா? நடத்தியிருந்தால் நீங்களும் நம்ம கூட்டம்தான், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், பேசுவோம்.

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில், அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம். எனக்கு விழுந்தது இரண்டு மணி வகுப்பு. வருகிறவர்களில் பாதிப்பேர் விடியலில் களையெடுத்துவிட்டு பஸ் ஏறுகிறவர்கள். ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றும். சன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை நீலப் புகை மாதிரி தொங்கும். புத்தகத்தைப் படித்தால் தூங்கிவிடுகிறார்களே என்று ரோமாபுரி ராஜாக்களின் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாரும் அரைக்கண் மூடிக் கேட்பார்கள். தூங்குகிறார்களா, ரோமாபுரிக்கே போய்விட்டார்களா என்று கண்டுபிடிக்க முடியாது.

எண் போட்ட மாதங்கள்

நைனார்பாளையத்திலிருந்து வருகிறவள் போதும்பொண்ணு. வருகைப் பதிவு எடுக்கும்போது வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்குவாள். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஜூலை, ஆகஸ்ட் கதை சொன்னேன். ரோமாபுரியில் பழைய காலத்தில் மார்ச்சில்தான் வருஷம் பிறக்கும். ஜூலைக்கு ‘ஐந்தாவது’ என்றுதான் பெயர், ஆகஸ்டுக்கு ‘ஆறாவது’. அப்புறம்தான் ஜூலியஸ் சீசர் பெயரை ஒன்றுக்கும் அகஸ்டஸ் பெயரை இன்னொன்றுக்கும் வைத்தார்கள். நம் வீட்டுச் சுவர்க் காலண்டரில் தொங்குவதும் அந்தப் பெயர்கள்தான். வகுப்பு முடிந்ததும் அவள் என் மேசைக்கு வந்தாள். “நாலாவதும் பொண்ணான்னு சலிச்சிகினு வெச்ச பேருங்க இது. மாசத்துக்கே மாத்துனாங்கன்னா நானும் மாத்திக்கலாங்களா?” என்றாள்.

கெஜட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். விண்ணப்பமும் வாங்கிக் கொடுத்தேன். புதுப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தவள் எழுதவே இல்லை. சன்னல் பக்கம் பார்த்து, தனக்குள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சீக்கிரம் எழுதேன் என்றேன். அவள் சொன்னாள்: “முப்பத்திரண்டு வருசம் பொறுத்துட்டன், இன்னும் பத்து நாளு ஆவட்டுமே மேடம்.”

மோந்து பார்த்த காசு

ரிஷிவந்தியம் குமாருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். எங்கே வேலை என்று யார் கேட்டாலும் “டிராவல்ஸ்ல” என்பான். யார் பக்கத்திலும் உட்காரமாட்டான். அவனுக்கு எப்போதும் கதவோரம்தான்.

வெஸ்பாசியன் என்ற ராஜா மூத்திரத்துக்கு வரி போட்ட கதையை அன்றைக்குச் சொன்னேன். துணி வெளுக்கவும் தோல் பதப்படுத்தவும் அங்கே அது தேவைப்பட்டது. மகன் அருவருத்துக்கொண்டபோது ராஜா ஒரு காசை எடுத்து அவன் மூக்கில் வைத்து, “நாறுதா?” என்று கேட்டாராம். இத்தாலிக்காரர்கள் பழைய பொதுக் கழிப்பிடங்களை இன்றைக்கும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். சிரித்ததில் பாதித் தூக்கம் கலைந்தது. குமார் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது. “டிராவல்ஸெல்லாம் இல்லீங்க மேடம். பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பிடத்துல உக்காந்து காசு வாங்கறன்.”

முன்வரிசையில் இருந்த அஞ்சலையக்கா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் இடம் தட்டிக் காட்டினாள். “இன்னா தம்பி நின்னுகினே கீற, வந்து ஒக்காரு.”

கோஸ் போட்ட ராஜா

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஓர் ஊர், சின்னசாமிக்கு. நிச்சயம் தேறிவிடுவான் என்று எங்கள் நிலையமே நம்பியிருந்த ஆள். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்பாவுக்குக் கால் முறிந்தது என்று போனவன் திரும்பவில்லை. போனும் கிடைக்கவில்லை. வயது வரம்பில் அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. காலை பஸ்ஸில் நானே கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க, அவனிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

மேலே போய் இறங்கினால் பனி. சாமைக் காடு எங்கே முடிகிறது, மேகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நடுவில் இடுப்பளவுக்கு மட்டும் சின்னசாமி தெரிந்தான். வகுப்பில் ஒருநாளும் பார்க்காத முகம் அது. என்னைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் சொன்ன டயோக்லீஷியன் கதையைத்தான் எடுத்தான். பதவியை விட்டுவிட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் போட்ட ராஜா. திரும்ப ஆள வரச்சொல்லிக் கூப்பிட வந்தவர்களிடம், என் தோட்டத்துக் கோஸைப் பார்த்திருந்தால் கூப்பிடமாட்டீர்கள் என்றவர். “அவரு சொன்னது நெசம் மேடம். எனக்கு இங்கதான் தூக்கம் வருது.” மனசில் அடுக்கிவைத்ததையெல்லாம் அப்படியே மடித்து வைத்துக்கொண்டேன். மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிய என்னை அவன் விடவில்லை. “வந்தவங்களுக்கு ராஜா சோறு போட்டாரான்னு நீங்க சொல்லவே இல்லியே, கூழு குடிச்சிட்டுப் போங்க மேடம்.”

கேள்வித்தாளில் ரோமாபுரிக்கு ஒரு மார்க்குக்கு மேல் வந்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் இரண்டு மணி ஆனால் எனக்கே அங்கே போகாமல் இருக்க முடிவதில்லை.