மிளகாயோடு வெயில் காய்ந்தேன்

போன வாரம் தோல் டாக்டரிடம் போயிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கையில் அரிப்பு. சின்ன வயசு டாக்டர். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேள்விகளை வரிசையாக வீசினார். சுகர் உண்டா? அலர்ஜி உண்டா? எப்போதாவது செயற்கை வெளிச்சத்தில் உடம்பைக் காட்டியதுண்டா?

"உண்டு டாக்டர். ஒரே ஒரு தடவை. ஜெர்மனியில்... மிளகாயோடு."

டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அதனால் அவரிடம் முழுக்கதையும் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு என்ன அவசரம்? சொல்கிறேன், கேளுங்கள்.

எண்பத்தாறு, எண்பத்தேழு வாக்கில் நான் ஜெர்மனியின் ஆஹென் நகரில் இன்ஜினியரிங் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வேலூர். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்றாலும் விடாது, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊர்க்காரனுக்கு ஆஹெனில் முதல் நவம்பரிலேயே சூரியனின் முகம் மறந்துபோனது. மழை. மழை விட்டால் தூறல். தூறல் விட்டால் மேகம்.

ஒரு நாள் காலையில் யுனிவர்சிட்டி பஸ்ஸை அரை நிமிடத்தில் தவறவிட்டேன். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் டிரைவரைத் தமிழில் நன்றாகத் திட்டினேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி தமிழோ?"

அந்தோனி அண்ணை அப்படித்தான் அறிமுகமானார். மன்னாரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இலங்கையில் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மனைவி ஸ்டெல்லாவோடு கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் ஏர்போர்ட்டில் வந்து இறங்கி, மேற்கு பெர்லினுக்குக் கடந்து, அகதி மனு கொடுத்து, கடைசியில் ஆஹெனில் ஒரு 'ஹைம்'மில் ஓர் அறையில் வந்து சேர்ந்திருந்தார். ஹைம் என்றால் அகதிகள் விடுதி. எனக்கு ஜெர்மன் ஓரளவு வரும், அவர்களுக்குச் சமையல் வரும். இந்த ஒப்பந்தம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய் ஸ்டெல்லா அக்கா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அவர்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்வேன்.

ஜனவரியில் மீன் குழம்பு நின்றது. அக்கா உண்டாகியிருந்தார். மூன்றாம் மாதம். சந்தோஷமான செய்திதான்... ஆனால் வயிற்றில் ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ரொட்டி, பால், பழம், சூப் எதைக் கண்டாலும் குமட்டல். ஆறு கிலோ குறைந்துவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மொழிபெயர்க்க நானும் டாக்டரிடம் போனேன். இரண்டு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கு 'டெர்மீன்', அதாவது அப்பாயிண்ட்மென்ட், கொடுத்தார்கள். அதற்குள் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் வழியாகத்தான் சத்து ஏற்ற வேண்டுமாம். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

"தனிய என்னைக் கொண்டுபோய் விடாதேங்கோ. ஆரோட நான் கதைக்கிறது? நோகுது எண்டு சொல்லவும் எனக்கு ஏலாது."

"அப்ப ஏதாவது சாப்பிடும். என்ன வேணும் எண்டு சொல்லும், எங்கை எண்டாலும் வாங்கிக்கொண்டு வாறன்" என்றார் அண்ணை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மோர்மிளகாய் இருந்தா கஞ்சி குடிப்பன்."

இவ்வளவுதானா! எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. துருக்கிக்காரர் கடையில் பச்சை மிளகாய் கிடைக்கிறது. ஜெர்மன்காரன் மோரை அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கிறான். உப்பு எங்கேயும் உப்புத்தான். அன்று மாலையே மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறப் போட்டாயிற்று.

அதற்கப்புறம்தான் ஒன்று உறைத்தது. காய வைப்பது எங்கே?

முதலில் ஹைம் அறையின் ஹீட்டர் மேல் பரப்பினோம். இரண்டாம் நாள் புளித்த வாடை மாடி முழுக்க ஏறியது. விடுதிப் பொறுப்பாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டுப் போனார். அடுத்த கூறு மிளகாயை என் மாணவர் குடியிருப்பில் இருந்த கேக் சுடும் ஓவனில் வைத்தேன். சனிக்கிழமை அதை எடுத்துப் போய்க் காட்டியபோது அக்கா ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இது சுட்ட மிளகாய் தம்பி" என்றார். வேகிறது வேறு, காய்கிறது வேறு என்று எனக்கு நாலு வருஷ இன்ஜினியரிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று சாயந்திரம் நானும் அண்ணையும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். டவுனில் புதிதாக ஒரு கடை. கண்ணாடியில் ஆள் உயரப் போஸ்டர். நீச்சல் உடையில் செம்பு நிறத்தில் ஒரு பெண், தலைக்கு மேல் பெரிய மஞ்சள் சூரியன்.

"தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?"

"குளிர்காலத்திலும் வெயில்னு போட்டிருக்கு அண்ணே. உள்ளே லைட்டு போட்ட கட்டில் இருக்கும். படுத்து எந்திரிச்சா உடம்பு கறுக்கும்."

அண்ணை பஸ் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "கறுக்கிறதுக்கோ? காசு குடுத்தோ?"

"ஆமாம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னைச் சிவப்பாக்க என் அத்தை பூசாத மாவு கிடையாது. இங்கே என்னவென்றால் என் நிறத்துக்காக ஒரு ஊரே வரிசையில் நிற்கிறது! உலகத்தில் ஒருத்தருக்காவது தன் தோல் பிடித்திருக்கிறதா? பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம். சட்டென்று அண்ணை சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி... வெயில் விக்கிறாங்கள் எண்டா, மிளகாய் காயும்தானே?"

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் நாங்கள்தான் முதல் ஆட்கள். டெர்மீனுக்கு எட்டு நாள் இருந்தது. என் தோளில் ஸ்போர்ட்ஸ் பை, பைக்குள் டப்பா, டப்பாவுக்குள் புது மிளகாய். முதல் நாள் மாலை ஊறப் போட்டது.

கடைக்காரம்மா ஃபிராவ் ஷ்மிட்ஸ், அதாவது திருமதி ஷ்மிட்ஸ். ஐம்பது வயசிருக்கும். நல்ல ஆகிருதி, சுட்ட செங்கல் நிறம். எங்களைப் பார்த்ததும் வழி கேட்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்.

"ஸ்டேஷன் அந்தப் பக்கம்."

"இல்லை, வெயில் காய வந்திருக்கிறோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். அதில் தோலின் நிறத்துக்கு ஏற்ப எத்தனை நிமிடம் படுக்கலாம் என்று நாலு முகம் போட்டிருந்தது. முதல் முகம் பால் வெள்ளை, நாலாவது முகம் கோதுமை. எங்கள் முகம் அந்தச் சார்ட்டிலேயே இல்லை.

"உங்களுக்கு எதற்கு?" பாவம், நியாயமான கேள்வி.

"முதுகு வலி" என்று புளுகினேன்.

ஒரு கட்டிலுக்கு ஓர் ஆள்தான் என்றார். திட்டப்படி அண்ணைதான் படுப்பதாக இருந்தது. அறைக் கதவைத் திறந்து காட்டியதும் அவர் பின்வாங்கிவிட்டார். மூடி வைத்த நீளமான பெட்டி, உள்ளே நீல வெளிச்சம். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மாதாவே! சவப்பெட்டி மாதிரிக் கிடக்கு. எனக்கு ஏலாது தம்பி, நீங்கள் போங்கோ."

போனேன். இருபது நிமிடம் என்று டைமரைத் திருகிவிட்டு, கண்ணுக்குக் குட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரம்மா வெளியேறினார். நான் பையில் கொண்டுவந்த வேட்டியை நாலாக மடித்துக் கால்மாட்டில் விரித்து, மிளகாயை ஒவ்வொன்றாகப் பரப்பினேன். வேலை முடிந்தது. இருபது நிமிடமும் சும்மா நின்றுகொண்டிருக்கலாம். ஆனால் மிச்சக் கட்டில் காலியாக, வெளிச்சமாக, சூடாகக் கிடந்தது. வீணாக்குவானேன்? ஜட்டியோடு ஏறிப் படுத்து மூடியை இழுத்துக்கொண்டேன்.

ஆஹா...

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல? மூன்று மாதமாக இரண்டு ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடந்த உடம்பு ஒவ்வோர் எலும்பாக அவிழ்ந்தது. முதுகில் சூடு, வயிற்றில் சூடு, விரல் நுனியில் சூடு. காற்றாடி 'உய்ங்' என்று தாலாட்டியது. ஊரில் எந்த வெயிலைத் திட்டித் தீர்த்தேனோ அதே வெயிலுக்காக அன்று என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படியே தூங்கிப்போனேன்.

தூக்கத்தில் வியர்த்திருக்கிறது. தூக்கத்திலேயே காலை மடக்கி, வேட்டி நுனியை இழுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முகத்தை அழுந்தத் துடைத்திருக்கிறேன். எந்த வேட்டி? மிளகாய் மோரில் ஊறிய வேட்டி.

நான் போட்ட சத்தம் வேலூருக்கே கேட்டிருக்கும்.

கதவு படாரென்று திறந்தது. கண் திறக்க முடியாமல் நடு அறையில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். அண்ணை "என்ன தம்பி, என்ன நடந்தது?" என்று சுற்றிச் சுற்றி ஓடினார். ஃபிராவ் ஷ்மிட்ஸ் தன் புது மெஷின் ஒரு வெளிநாட்டு மாணவனை எரித்துவிட்டதாகவே முடிவு செய்துவிட்டார். ஒரு வாளித் தண்ணீர் என் தலையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்சம் கண் தெரிந்தபோது அம்மா கட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பளபளக்கும் கண்ணாடிப் பரப்பு முழுக்கப் பச்சை மிளகாய். புளித்த மோர் வாசனை.

"இது என்ன?"

இனி முதுகு வலி எடுபடாது. ஈரத்தில் நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கர்ப்பம், குமட்டல், மிளகாய், டெர்மீன், ஆஸ்பத்திரி. என் ஜெர்மன் அன்றுபோல் என்றும் ஓடியதில்லை. போலீஸைக் கூப்பிடுவார் என்றே நினைத்தேன். அண்ணையின் முகம் வெளுத்திருந்தது. மனு நிலுவையில் இருக்கும் ஓர் அகதிக்கு ஒரு சின்னப் புகார்கூடப் பெரிய விஷயம்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை கிலோ குறைந்திருக்கிறாள்?"

"ஆறு."

அம்மா என்னைப் பார்த்து முறைத்தார். "வாசலில் வைத்தே இதைக் கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? நான் செய்கிற வழக்கமான முட்டாள்தனம் இது. எதிராளி 'மாட்டேன்' என்று சொல்லிவிடுவார் என்று நானே முடிவு செய்துகொண்டு, அவருடைய பதிலையும் நானே சொல்லிவிட்டு, அப்புறம் கொல்லைப்புறமாக நுழைவது. நீங்களும் செய்திருப்பீர்கள். இல்லையென்று சொல்லாதீர்கள்.

"கட்டில் மனிதர்களுக்கு. மிளகாய்க்கு இல்லை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார் அம்மா. அங்கே முகத்துக்கு மட்டும் வெயில் காட்டுகிற சின்ன மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. அதன் அடியில் கேக் ஆற வைக்கும் கம்பித்தட்டை வைத்தார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மிளகாயை அளவான இடைவெளி விட்டு அடுக்கினார். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்தார், ஹீட்டரையும் முழுசாகத் திருகினார். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை டைமர் வைத்து ஒவ்வொரு மிளகாயையும் திருப்பிப் போட்டார். நாலு நாள் இதே சேவை. மாலையில் அண்ணை வந்து எடுத்துப் போய் மோரில் போடுவார், காலையில் கொண்டுவந்து கொடுப்பார். காய வைத்தது லைட்டா, ஹீட்டரா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்ஜினியர்தான். ஆனாலும் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஹைம் அடுக்களையில் எண்ணெய் காய்ந்தது. மோர்மிளகாய் பொரிகிற வாசனை எழுந்ததும் நானும் அண்ணையும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமட்டவில்லை. ஒரு மிளகாயை எடுத்துக் கடித்தார். கஞ்சி ஒரு வாய். இன்னொரு கடி. இன்னொரு வாய். கோப்பை காலியானதும் நிமிர்ந்தார்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அண்ணை அழுதேவிட்டார். ஆறு வாரமாக எதையுமே ருசி பார்க்காத மனுஷி குறை சொல்கிறார்! அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? "ஓமோம், உப்புக் கூடத்தான், இன்னும் கொஞ்சம் குடியும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினார். சனி, ஞாயிறு, திங்கள்... கஞ்சி தங்கியது. திங்கட்கிழமை சோறே தங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை ஹைம் வாசலில் ஒரு சிவப்புக் கார் நின்றது. உள்ளே ஃபிராவ் ஷ்மிட்ஸ். "நாலு நாள் உழைத்திருக்கிறேன். ரிசல்ட் எனக்கும் தெரிய வேண்டும், ஏறுங்கள்" என்றார்.

டாக்டர் அறையில் அக்கா ஷூவைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடை மெஷினில் ஏறினார். அண்ணை வாய்க்குள் ஜெபம் சொன்னார். முள் ஆடியது, ஆடியது... நின்றது. நர்ஸ் பழைய சீட்டைப் பார்த்தாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

"எண்ணூறு கிராம் கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரி இப்போதைக்கு வேண்டாம்."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் ஃபிராவ் ஷ்மிட்ஸ் கைதட்டிக் கூச்சலிட்டு, மெஷினில் நின்ற அக்காவை அப்படியே கட்டிப்பிடித்துவிட்டார். முள் எங்கேயோ போயிற்று. அக்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கடை நினைவு யாருக்கு இருந்தது? அன்று ஆஹெனில் வெயில் பதினொரு மணிக்குத்தான் திறந்தது.