தோண்டுவதற்கு முன் இருந்த காற்று

பெங்களூர் விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்சந்தில் குடியிருந்த பிரிஜெட், பீன்யாவில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் கெமிஸ்டாக இருந்தாள். வெளியூர் வேலைக்குப் பெண்களை அனுப்புவதில்லை என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதை முதலாளி சீனிவாசராகவனிடம் சண்டை போட்டு உடைத்தவள் அவள்தான். கணவன் கிளாரன்ஸ், போய்விட்டு வா என்பதோடு சரி.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடிக்குப் போனாள். அங்கே ஒரு நிறுவனம் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்ட இருந்தது. முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே அந்த ஊரின் காற்றும் தண்ணீரும் மண்ணும் எப்படி இருக்கின்றன என்று அளந்து அரசுக்குக் காட்ட வேண்டும். அந்த வேலையை நிறுவனம் பிரிஜெட்டின் கூடத்துக்குத் தந்திருந்தது. பிற்பாடு ஊரில் தூசி பறந்தால், அதில் சுரங்கத்தின் பங்கு எவ்வளவு என்று தெரிவது இந்த அளவை வைத்துத்தான்.

கூடத்தின் டெக்னீஷியன் முனியப்பனும் கூட வந்திருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் காற்று இழுக்கும் இயந்திரத்தை இருவரும் ஏற்றி வைத்தார்கள். அதற்குள் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். ஒரு பகல் ஒரு இரவு ஓடினால் காற்றிலுள்ள தூசி அதில் படியும். முதல் இரண்டு தாள்களில் இளம்பழுப்பாக வயல்மண்தான் ஒட்டியிருந்தது.

மறுநாள் முனியப்பனை மாடியில் விட்டுவிட்டு, தொலைவிலுள்ள கிணறுகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பிரிஜெட் திரும்பியபோது மாடியில் இயந்திரம் இல்லை. நிறுவனத்தின் முகாமுக்குப் பின்னால், டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய்க்கு நேர் எதிரே அது ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தாள். தாள் அடுப்புக்கரி பூசியதுபோல் கிடந்தது.

நிறுவனத்தார் ஆட்களோடு வந்து தூக்கிப்போய்விட்டார்கள், தன்னால் தடுக்க முடியவில்லை என்றார் முனியப்பன். பிரிஜெட் அந்தத் தாளைத் தனி உறையில் போட்டு, எடுத்த இடத்தை மேலே எழுதினாள்.

நிறுவனத்தின் தள அதிகாரி அவளுக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். இங்கேதான் கரண்ட் நிற்காமல் வருகிறது, அதனால் மாற்றினோம் என்று இந்தியில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அளவு கூடுதலாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். அவர் போடும் கணக்கு அவளுக்குப் புரிந்தது. இன்றைக்கே காற்று கறுப்பு என்று எழுதிவிட்டால், நாளை ஊர்க்காரன் இருமும்போது இது எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிடலாம்.

டவுனுக்குப் போய் பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் செய்தாள். எங்கே வைத்தால் என்ன, வேலையை முடித்துவிட்டு வாம்மா என்றார் சீனிவாசராகவன். அவள் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ஜீப் நிறுவனத்துடையது. இயந்திரத்தை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். பிரிஜெட் ஊருக்குள் நடந்தாள். பெங்களூர் ஆஸ்டின் டவுன் பாய் கடைகளில் பழகிய தக்னி உருதுவில், அந்தப் பெட்டி எதற்கு, அதை ஏன் தூக்கினார்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் வீட்டுக்குள் போய்க் கயிற்றுக்கட்டிலைத் தூக்கி வந்தார். நாலு பேராக முகாமுக்குப் பின்னால் போய் இயந்திரத்தைக் கட்டிலில் வைத்துச் சுமந்தார்கள். முகாம் வாசலில் நின்ற காவலாளிகள் வழியை மறித்தார்கள். பிரிஜெட் பின்னால் திரும்பிப் பார்த்தால் ஊரே வந்திருந்தது. அதிகாரி வெளியே வந்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு காவலாளிகளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

இயந்திரம் மறுபடி பள்ளிக்கூடத்து மாடிக்குப் போயிற்று. மிச்ச நாட்கள் முழுவதும் அவளும் முனியப்பனும் மாறி மாறி மாடியிலேயே காவல் இருந்தார்கள். கீழே அந்த ஜீப் போவதும் வருவதுமாக இருந்தது. யாரும் ஏறி வரவில்லை. ஆனால் எந்த நேரமும் வரலாம் என்பதில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் திரும்பும் ரயிலில், சீலிட்ட தாள்கள் இருந்த பையை மடியை விட்டு இறக்கவே இல்லை.

பெங்களூர் வந்த மறுநாள் சீனிவாசராகவனே அவள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதுவரை வந்ததில்லை. கறுப்புத் தாளையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி நிறுவனம் நெருக்குகிறது என்றார். கிளாரன்ஸ் காபி கொண்டுவந்து வைத்தான். அவர் அதைத் தொடவில்லை.

"நீ கையெழுத்துப் போட வேண்டாம்மா. நான் போட்டுக்கறேன். உனக்கு ஒண்ணும் வராது."

"நீங்க போடுங்க சார். ஆனா யாராவது வந்து கேட்டா, அந்தப் பொட்டி எங்க இருந்துச்சுன்னு நான் சொல்லிடுவேன்."

"வேலை போயிடுமேன்னு பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு சார். ராத்திரியெல்லாம் தூங்கல."

அவர் எழுந்து போனார். வேலை போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மாடியில் எடுத்த தாள்களின் அளவை மட்டும் வைத்து அந்த வாரமே நிறுவனத்துக்கு அறிக்கை போயிற்று. கீழே அவள் பெயரும் அவர் பெயரும் இருந்தன.

நிறுவனம் அதை ஏற்கவில்லை. வேறொரு ஊரிலுள்ள கூடத்தை வைத்துப் புதிதாக அளந்துகொண்டது. பீன்யாவில் வேலை குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசித்தார்கள். முனியப்பன் மட்டும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரே வந்து உட்காருவார்.

அடுத்த வருஷம் அந்தச் சுரங்கத்துக்காக அரசு அதிகாரிகள் ஊரில் கூட்டம் போட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்து எங்கள் பள்ளிக்கூடத்து மாடியில் அளந்தாள், அந்த அளவு எங்கே என்று கட்டில் சுமந்தவர்கள் எழுந்து கேட்டிருக்கிறார்கள். அதிகாரிகள் எந்தக் கூடம் என்று விசாரித்துக்கொண்டு பீன்யாவுக்குப் போன் செய்தார்கள். சீனிவாசராகவன் பிரிஜெட்டைக் கூப்பிட்டார். "அந்த ரிப்போர்ட்டை எடும்மா. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்" என்றார்.

சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அதைத் தடுக்க அவளால் முடிந்திருக்காது. அவள் அதற்காகப் போகவும் இல்லை. ஆனால் அதிகாரிகள் தூசிக்கு வரம்பு வைத்தபோது, பள்ளிக்கூடத்து மாடியில் எடுத்த அளவைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். சேதி வந்த அன்று சாயங்காலம் சீனிவாசராகவன் அதைச் சொன்னபோது பிரிஜெட் சரி சார் என்றாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.