அக்காவுக்குத் துணை

என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தைரியம் வருவதற்கென்று மாதம் ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். போன மாதம் வீட்டில் அப்பாவிடமோ அண்ணன் தம்பியிடமோ கேட்டு எழுதி வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்து விட்டிருந்தார்கள். நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறேன். சீசன் நேரம். ஈர விரிப்புகளை மூன்று மாடி இறக்கிவிட்டு, காய்ந்ததைத் திரும்ப மூன்று மாடி ஏற்றிவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்தேன். மகள் தாளைப் பார்த்து வாசித்தாள்.

"ஏம்ப்பா, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கையில எந்தப் பொம்பளப் பிள்ளையவாவது எதையாவது செய்யவிடாம தடுத்திருக்கியளா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதியதை அழித்து மாற்றி எழுதச் சொல்ல அன்றைக்குத் தெம்பும் இல்லை. ஆனால் நான் சொன்னது பொய்.

அப்போது நான் நான்காம் வகுப்பு, அக்கா ஒன்பதாம் வகுப்பு. தென்காசியில் இருந்தோம். வயதுக்கு வந்த பெண் எங்கே போனாலும் துணைக்கு ஓர் ஆம்பளைப் பிள்ளை போகவேண்டும் என்பது எங்கள் தெருவின் வழக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள், அது மட்டும் விலக்கு. மற்றபடி தையல்காரர் வீடு, கோயில், கூடப் படிக்கிற கூட்டுக்காரி வீடு எல்லாவற்றுக்கும் நான் போக வேண்டும். துணைக்குப் போகிறவனுக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆணாக இருந்தால் போதும். ரோட்டைக் கடக்கும்போது அக்காதான் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நாய் குரைத்தால் நான் அவள் பின்னால் போய் நின்றுகொள்வேன். ஆனாலும் புறப்படுகையில் அம்மா என்னிடம்தான், "அக்காவ பத்திரமாக் கூட்டிட்டு வாலே" என்பாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அந்த வருடம் அக்காவின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விளையாட்டு டீச்சர் புதிதாக வந்தார். சுதந்திர தினத்தன்று ஊரின் பள்ளிக்கூடங்கள் எல்லாம் திடலில் ஒன்றாக அணிவகுத்து நடக்கும். முன்னால் நின்று அட்டென்ஷன், குயிக் மார்ச் என்று ஆர்டர் கொடுப்பது எப்போதும் ஆண்கள் பள்ளி மாணவன்தான். பெண்பிள்ளையின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்காது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கேட்கிறதா என்று யாரும் ஒருத்தியை நிறுத்திப் பார்த்ததில்லை. டீச்சர் போய் வாதாடி அதற்கு ஒரு வழி பண்ணியிருந்தார். சுதந்திர தினத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் திடலில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். யார் குரல் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிறதோ, அவர்தான் முன்னால் நிற்பது.

அதற்காக டீச்சர் ஏழெட்டுப் பெண்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அருவிக்கு எதிரே ஒருத்தியை நிறுத்திவிட்டு, அவர் நடந்து போய்க் கடைகளின் பக்கம் நின்றுகொள்வார். விழுகிற தண்ணீரின் சத்தத்தை மீறி அந்தப் பெண் தன் பெயரைச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தால் டீச்சர் கையைத் தூக்குவார். விழாவிட்டால் சும்மா நிற்பார். எல்லாரும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பேசச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள். முதல் வாரம் இரண்டு பேர் வாயைத் திறந்துவிட்டு அழுதார்கள். டீச்சர் அவர்களுக்குச் சூடாக வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, தின்று முடித்ததும் மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தினார்.

அக்காவுக்குத் துணையாகப் போகிற நான் அங்கே செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல். ஐந்து மணிக்கு எழுப்பிவிட்ட தூக்கம் கண்ணிலேயே நிற்கும். சாரலில் சட்டை ஒட்டிக்கொள்ளும். பெயர்களைக் கேட்டுக் கேட்டு, பை மேலேயே தூங்கி விழுவேன்.

மூன்றாவது வாரம் அக்காவுக்குக் குரல் வந்தது. அவள் தன் பெயரைச் சொன்னதும் நான் விழித்துக்கொண்டேன். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. பக்கத்தில் உடம்பெல்லாம் எண்ணெயாக நின்ற ஒருவர் சிரித்தார்.

"ஏட்டி, அருவிக்கே ஆர்டர் போடுதியா? அது நின்னுட்டுன்னா நாங்க எங்கன போய்க் குளிக்க?"

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அக்கா தலையைக் குனிந்திருப்பாள். அன்று அவர் பக்கம் திரும்பி நேராக நின்று, "அண்ணாச்சி, அட்டென்ஷன்" என்றாள். அந்த மனிதர் தன்னை அறியாமலே கால்களைச் சேர்த்துக் கைகளைத் தொங்கவிட்டு நின்றுவிட்டார். அந்தப் பக்கம் டீச்சர் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்த ஆளு நின்னாருல்லா? நீ பாத்தியாலே?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டாள். அடுத்த சனிக்கிழமை திடலில் குரல் கொடுக்கப் போவது அவள்தான் என்று டீச்சர் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

என் கேடு அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தது. நான் இரண்டு தோளிலும் பெண்பிள்ளைகளின் பைகளோடு, யாரோ கழற்றிக் கொடுத்த ஈர ரிப்பனைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் எதிரே நின்றார்கள்.

"ஏட்டி, ரிப்பன தலையில கெட்டலையா?" என்றான் ஒருவன்.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் என் பெயரை யாரும் சொல்லவில்லை, பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற 'ஏட்டி'தான். கோலி விளையாடப் போனால், "ஏட்டி, உனக்குப் பாண்டியாட்டம்தான், அங்கன போ" என்றார்கள். நான் பதில் பேசத் தெரியாத பையன். இப்போதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தேன்.

அக்கா குளித்து, வெளுத்த பாவாடை தாவணி உடுத்து, தலையை இரட்டையாகப் பின்னித் தயாராக நின்றாள். அப்பா வடகரையில் தேங்காய் வெட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மாவுக்குச் சுற்றிய பீடிகளைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிற நாள். நேரம் தப்பினால் வாங்க மாட்டார்கள்.

"திடல் இங்கனதானம்மா இருக்கு. நான் தனியாவே போயிட்டு வந்துருதேன்" என்றாள் அக்கா.

"ஒத்தையிலயா? ஒங்க அப்பா வந்து கேட்டா நான் என்னட்டி சொல்லுவேன்?" அம்மா கோபமாகச் சொல்லவில்லை. பீடிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, இதெல்லாம் தன் கையில் இல்லை என்கிற மாதிரி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏலே, மெய்யாவே வலிக்குதா? இல்லாட்டா எந்திச்சுப் போ. பொய்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிருவேன்."

நான் முனகினேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வயிற்றில் விரலை வைத்து அழுத்தினாள். இங்கனயா என்றாள். ஆமாம் என்றேன். தள்ளி வைத்து, இங்கனயா என்றாள். அதற்கும் ஆமாம். நான்கு இடத்தில் வைத்தாள், நான்கு இடத்திலும் வலித்தது. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வலிக்குதும்மா அவனுக்கு" என்றாள் அம்மாவிடம்.

ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஒன்பது மணிக்கு டீச்சர் அனுப்பிய பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றாள். அக்கா கதவோரம் நின்று, தம்பிக்கு முடியவில்லை, வரவில்லை என்று சொல்லச் சொன்னாள். "என்ன? கேக்கல" என்றாள் வந்தவள். அக்கா இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கிட்டே வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனாள். அக்கா தாவணியை மாற்றிக்கொண்டு எனக்கு ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அன்று முழுவதும் எனக்குக் கஞ்சிதான். பசி தாங்க முடியவில்லை.

டீச்சர் வேறு பெண்ணை நிறுத்திப் பார்த்தாராம். அந்தப் பெண்ணுக்குப் பாதியில் குரல் கம்மிவிட்டதாம். அதுதான் அப்போதே சொன்னோமே என்றார்களாம் பெரியவர்கள். பிறகு எங்களுக்குத் தெரிந்து எந்த வருடமும் யாரும் பெண்ணை நிறுத்திப் பார்க்கவில்லை. டீச்சரும் மாற்றலாகிப் போய்விட்டார். அக்கா பத்தாம் வகுப்போடு கல்யாணமாகிக் கடையத்துக்குப் போனாள். இப்போதும் அவள் போனில் பேசினால் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த வருடம் சுதந்திர தினத்தன்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள். அக்கா இரண்டாவது வரிசையில் ஓரமாக நின்றாள். முன்னால் நின்ற பையன் நல்ல உயரம். அவன் குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் ஒன்றாகக் காலைத் தூக்கி வைத்தார்கள். எனக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. பிறகுதான் அக்காவைக் கவனித்தேன். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் அவள் உதடு அசையும், அதற்கு அப்புறம்தான் அந்தப் பையனின் குரல் வரும்.

அக்கா அந்த அண்ணனைப் பார்த்துப் படித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருடம் அவளுக்கும் நன்றாக வந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன்.